நிறுத்த ஓர் இடம்: கிள்ளான், மேரு வட்டார வண்டி வரலாறு

'வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்' என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. கிள்ளான் நகரின் வரலாற்றை இதனினும் சுருங்கச் சொல்லிவிட இயலாது. ஆற்றை நம்பிப் பிறந்த ஊர் அது. ஓடத்தில் தொடங்கிய அதன் வாழ்வு மாட்டு வண்டிக்கு மாறிற்று. மாட்டு வண்டியிலிருந்து இரயிலுக்கும், மிதிவண்டிக்கும், இறுதியில் காடிக்கும் மாறிற்று. ஊர்தி மாறிய கதையைப் பலர் எழுதியுள்ளனர். ஊர்தி நின்ற இடத்தின் கதையை எழுதியவர் மிகச் சிலரே.

ஓடுவதைக் காட்டிலும் நிற்பதே ஊர்தியின் இயல்பு என்பது சிந்திப்பார்க்கு விளங்கும். காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் ஓடும் காடி, எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்த இடம் யாருக்கு உரியது? அதற்குக் கூலி உண்டா? உண்டெனில் அதை வாங்குவோர் யார்? வாங்கிய பணம் எங்கே செல்கிறது? இக்கேள்விகள் வெறும் நகராண்மைக் கணக்குகள் போலத் தோன்றும். ஆயின், கிள்ளானிலும் அதன் வடபால் அமைந்த மேருவிலும் வாழ்ந்த தமிழரின் நூறாண்டு வாழ்க்கையோடு இவை பின்னிப் பிணைந்துள்ளன.

ஆறும் அஞ்சடியும்

1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா கிள்ளானில் தம் பண்டகசாலையை எழுப்பினார். அது கெடோங் ராஜா அப்துல்லா என்னும் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. ஈயமும் உணவுப் பொருளும் அங்கே இறங்கின, அங்கிருந்தே ஏறின. அவற்றைச் சுமந்தவை ஓடங்கள். அந்நாளில் 'நிறுத்துமிடம்' என்றால் படித்துறை என்றே பொருள். ஆற்றங்கரையில் ஓடம் கட்ட இடம் கொடுப்பவனும் மறுப்பவனுமே வாணிகத்தின் வாயிலைக் காத்தனர். ஆற்று வாய் யார் கையில் என்பதற்காகவே 1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் போர் நடந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

1880ஆம் ஆண்டில் மாநிலத் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறிற்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றைக் கடக்கும் கன்னாட் பாலம் அமைந்தபின் இரயில் கிள்ளானுக்கு உள்ளேயே வந்து சேர்ந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் பிறந்தது. ஆற்று ஓடத்தின் காலம் முடிந்தது. இரயில் நிலையத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து தோட்டத்திற்கும் பொருள் கொண்டுசெல்ல மாட்டு வண்டியின் காலம் தலையெடுத்தது.

மலாய் மொழியில் காடியைக் 'கெரேத்தா' என்கின்றனர். அச்சொல் போர்த்துக்கீசிய மொழியில் பார வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மாடு இழுத்ததும் கெரேத்தா. நீராவி இழுத்ததும் கெரேத்தா. பெட்ரோல் இழுப்பதும் கெரேத்தா. மலேசியத் தமிழர் நாவில் வழங்கும் 'காடி'யும் அவ்வாறே வண்டியிலிருந்து மோட்டாருக்கு இடம் மாறிய சொல்லே. சொல் ஒன்றாகவே நின்றுவிட்டது. அது அடைத்துக்கொள்ளும் தெருவின் அளவுதான் மாறிற்று.

மாட்டு வண்டிக் காலத்தில் எழுந்தவையே கிள்ளானின் பழைய கடை வரிசைகள். முன்புறம் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைபாதை. 1822இல் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு ராபிள்ஸ் இட்ட விதியிலிருந்து தோன்றி, தீபகற்பம் முழுவதும் பரவிய அமைப்பு இது. மக்கள் அதனை 'அஞ்சடி' என்றனர். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நடந்து போவோருக்காகவே அஞ்சடி வகுக்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த தெரு, மூட்டை இறக்கும் நேரம் மட்டும் வண்டி நிற்கப் போதுமானதாயிருந்தது. நாள் முழுதும் ஊர்தியை நிறுத்திவைக்கும் எண்ணம் அத்தெருவை வகுத்தோர் கனவிலும் இல்லை. இன்று கிள்ளானின் பழைய தெருக்கள் படும் இடர்ப்பாட்டுக்கு வித்து இங்கேதான் உள்ளது. நடப்போருக்கென அமைந்த தெருவில் காடிகள் குடியேறிவிட்டன.

சுகாதார வாரியம் முதல் நகராண்மைக் கழகம் வரை

தெருவுக்கு ஓர் உடைமையாளன் வேண்டும். 1890ஆம் ஆண்டில் கிள்ளானில் சுகாதார வாரியம் நிறுவப்பட்டது. பெயர் சுகாதாரம் என்றிருப்பினும் அதன் பணி குப்பையோடு முடியவில்லை. சாலை, விளக்கு, சந்தை ஆகிய நகர வாழ்வின் தேவைகள் ஒவ்வொன்றாய் அதன் பொறுப்பில் சேர்ந்தன. 1895இல் நகரின் எல்லை வரையறுக்கப்பட்டது. 1908இல் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்து பெல்ஃபீல்ட் பாலம் என்னும் சாலைப் பாலம் எழுந்தது. 1926இல் கிள்ளான், சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகிய இரண்டின் வாரியங்களும் ஒன்றாயின.

போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தின் வழி, 1954இல் கிள்ளான் நகர மன்றம் மக்கள் வாக்கினால் அமைந்தது. தெருவை ஆள்வோரைத் தெருவில் நடப்போரே தேர்ந்தெடுத்த காலம் அது. 1971இல் அமைந்த கிள்ளான் மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள் துறைமுகமும் காப்பாரும் மேருவும் கொண்டுவரப்பட்டன. 1977 ஜனவரி முதல் நாள் அது நகராண்மைக் கழகமாயிற்று. 2024 பிப்ரவரியில் அரச மாநகர் மன்றம் என்னும் தகுதியைப் பெற்றது. மேருவின் ஒரு சிறு கடைத்தெருவில் கோடு கிழித்துக் கட்டணம் குறிக்கும் அதிகாரம் இவ்வழியேதான் வந்து சேர்ந்தது.

மிதிவண்டியின் மானம்

கிள்ளானைச் சூழ்ந்த நிலம் தோட்ட நிலம். 1890களில் காப்பியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் இவ்வட்டாரத்தில் வேர் பிடித்தன. அத்தோட்டங்களை ஆக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். மேருவில் ஜாவாவிலிருந்து வந்தோர் தோப்பும் தோட்டமும் அமைத்துக் குடியேறினர். அவர்தம் தாயகத்தில் செமேரு என்னும் எரிமலை உண்டு. தமிழர்க்கோ மேரு என்பது புராணம் போற்றும் பொன்மலை. இரு மொழியாரும் தத்தம் மலையை நினைத்துக்கொள்ள ஏற்ற பெயர் அது. ஜாவானியர் கம்பமும் தமிழர் தோட்டமும் அருகருகே வளர்ந்த நிலப்பகுதி அது.

தோட்டத் தொழிலாளிக்கு நகரம் எட்டாத தொலைவில் இல்லை. ஆயினும் நடந்து செல்ல நெடுந்தூரம். அத்தூரத்தைச் சுருக்கியது மிதிவண்டி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மிதிவண்டியே தொழிலாளி தன் பெயரில் கொண்ட முதல் ஊர்தி. அதன் பின்னிருக்கையில் அரிசி மூட்டை வந்தது, நோயுற்ற பிள்ளை மருத்துவமனைக்குச் சென்றது, செய்தித்தாளும் வந்தது. ஆனால் தோட்டத்துச் சாலையில் துரையோ, அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாயிருந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்டத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. 'தமிழ் நேசன்' இதழின் துணை ஆசிரியராயிருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழி தொழிலாளரை ஒன்றுபடுத்தினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தடையின்றித் தோட்டத்திற்கு வந்துபோகும் உரிமை என அவர்கள் கேட்டனர். அவ்வரிசையில் ஒரு கோரிக்கை: துரைமார், அலுவலர் முன்னிலையில் தொழிலாளர் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது. கூலிக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் நிகராக இதனையும் அவர்கள் எழுதிவைத்தனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனால் போராட்டம் மேலும் பரவிற்று. படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏழு மாதங்களுக்குள் ஜப்பானியப் படை மிதிவண்டிகளில் ஏறியே தீபகற்பத்தின் வழி இறங்கி வந்தது. அதன் முன்னே துரைமார் ஒதுங்கிச் சென்றனர். காலம் செய்யும் கணக்கு விந்தையானது.

இந்நிகழ்ச்சி வண்டி நிறுத்த வரலாற்றில் ஏன் இடம்பெற வேண்டும் என ஒருவர் வினவலாம். பொதுச் சாலையில் யார் செல்லலாம், யார் நிற்கலாம், யாருக்காக யார் ஒதுங்க வேண்டும் என்பது எக்காலத்தும் மானத்தைப் பற்றிய கேள்வியே. அன்று பணமும் பதவியும் உடையவனுக்குத் தெரு முழுதும் உரியதாயிருந்தது. இன்று அவ்வுரிமையைக் கட்டணச் சீட்டு தீர்மானிக்கிறது. சீட்டு எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துகிறதா என்பதே கேட்கத்தக்கது.

இரண்டடுக்குப் பாலம்

நடப்போரையும் மிதிவண்டியோட்டிகளையும் நினைவில் வைத்து ஒரு பெருங்கட்டுமானம் கிள்ளானில் எழுந்ததுண்டு. 1961இல் திறக்கப்பட்ட கோத்தா பாலம் அது. மேலடுக்கில் மோட்டார் ஊர்திகளும் கீழடுக்கில் நடப்போரும் மிதிவண்டிகளும் சென்றன. கீழடுக்கில் சென்றவருக்கு மேலே மழையும் இல்லை. பின்னே ஊதுகுழலும் இல்லை. 1990களில் அதன் அருகே புதிய பாலம் எழுந்தபின் பழைய பாலத்தின் மேலடுக்கு ஊர்திப் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது. காடி இல்லாதவனும் நகரத்தின் குடிமகனே என்று இரும்பில் எழுதிவைத்த சான்றாக அப்பாலம் நிற்கிறது.

காடி வந்த காலம்

1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. அதுவரை துரைக்கும் மருத்துவருக்கும் பெருவணிகருக்கும் உரியதாயிருந்த காடி, ஆசிரியர் வீட்டிற்கும் எழுத்தர் வீட்டிற்கும், பின்னர்த் தொழிற்சாலைத் தொழிலாளி வீட்டிற்கும் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குக் காடி ஆடம்பரமன்று. முன்பு வேலையிடமும் கோயிலும் பள்ளியும் ஒரே தோட்டத்திற்குள் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது, வேலை ஒரு திசையிலும் பள்ளி மறுதிசையிலும் சிதறின. பேருந்து போதுமான அளவில் வரவில்லை. ஆகவே கடன்பட்டேனும் காடி வாங்க வேண்டியதாயிற்று.

மேருவை அடுத்திருந்த நார்த் ஹம்மோக் தோட்டத்தின் கதை இதற்குத் தக்க சான்று. அந்நிலத்தில் 2004 அளவில் செத்தியா ஆலம் என்னும் புதுநகர் உருவாகத் தொடங்கிற்று. 2006இல் அதனை நெடுஞ்சாலையோடு இணைக்கும் தனி வழி திறக்கப்பட்டது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் கடை வரிசையும் காடி வரிசையும் நின்றன. தோட்டத்தின் பெயர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் எஞ்சியது.

நாட்டில் பதிவான ஊர்திகளின் எண்ணிக்கை 2023இல் 3 கோடியே 60 இலட்சத்தைக் கடந்தது. மக்கள் தொகையோ 3 கோடியே 30 இலட்சம் அளவில் இருந்தது. மனிதரினும் ஊர்திகள் மிகுந்துவிட்ட நாட்டில், மனிதர் தங்க இடம் போதவில்லை என்னும் கவலைக்கு நிகராக ஊர்தி தங்க இடம் போதவில்லை என்னும் கவலையும் எழுந்ததில் வியப்பில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிற்குச் சென்றவர் இதனை நன்கறிவர். புடவைக் கடையில் அரை மணி; காடி நிறுத்த இடம் தேடி ஒரு மணி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தைச் சுற்றியுள்ள சாலைகளிலும் இதே காட்சிதான். ஜாலான் மேருவில் உள்ள பெரிய பசாருக்கு விடியற்காலையில் மீன் வாங்கச் செல்வோரும், மேருவில் இரவுச் சந்தைக்குச் செல்வோரும், ஒருவர் பின் ஒருவராக இரட்டை வரிசையில் காடியை நிறுத்திவிட்டுத் தொலைபேசி எண்ணைக் கண்ணாடியில் எழுதி வைத்துச் செல்வதுண்டு. அந்த எண்ணை அழைத்துக்கொண்டே வெயிலில் நிற்போரின் சினத்தைச் சொல்லி முடியாது.

இடப் பஞ்சம் உள்ள இடத்தில் இடைத்தரகர் தோன்றுவது இயற்கை. 'ஜாகா கெரேத்தா' என்று தாமே பெயர் சூட்டிக்கொண்டு, பொது இடத்தில் நின்று கையசைத்து, இரண்டோ மூன்றோ வெள்ளி கேட்போர் கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்கள் பலவற்றில் தலையெடுத்தனர். கொடுக்காதவர் காடியில் கீறல் விழுமோ என்னும் அச்சமே அவர்தம் மூலதனம். மன்றம் வகுக்காத கட்டணத்தைத் தெருவே வகுத்துக்கொள்ளும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பொது இடத்திற்கு விலை இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த நாளிலும் விலை இருந்தது. அது தவறான கைகளுக்குச் சென்றது.

கட்டணம் பிறந்த கதை

வண்டி நிறுத்தத்திற்குக் கருவி கொண்டு கட்டணம் வாங்கும் முறை அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 ஜூலை 16ஆம் நாள் தொடங்கிற்று. கார்ல் மேகி என்னும் இதழாசிரியரின் முயற்சியால் அக்கருவி வந்தது. கடைக்கு முன்னால் காலையில் காடியை நிறுத்துவோர் மாலை வரை எடுப்பதில்லை. வாங்க வருவோர்க்கு இடமில்லை. வணிகம் படுத்துவிட்டது என்பதே அதற்கு அடிப்படை. மணிக்கு ஐந்து காசு. கட்டணத்தின் முதல் நோக்கம் வருவாயன்று. இடத்தைச் சுழல வைப்பதே. இலண்டனில் 1958 ஜூலையில் மேஃபேர் வட்டாரத்தில் முதற் கருவிகள் நடப்பட்டன. சிங்கப்பூர் 1980இல் கிழித்து ஒட்டும் கூப்பன் முறைக்கு மாறிற்று. 2017இல் கைத்தொலைபேசிச் செயலியை அறிமுகப்படுத்திற்று.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்திற்கு வந்த 1987ஆம் ஆண்டின் சட்டமும் நிறுத்துமிடங்களை ஒழுங்குபடுத்த வழி வகுத்தன. கருவி, பணியாளர் தரும் சீட்டு, சுரண்டும் கூப்பன் எனப் பல முறைகளைச் சிலாங்கூரின் நகரங்கள் கண்டன. 2010களின் இறுதியில் 'ஸ்மார்ட் சிலாங்கூர் பார்க்கிங்' என்னும் செயலி மாநிலத்தின் ஊராட்சி மன்றங்களுக்குப் பொதுவாயிற்று. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2016இல் நகரின் நடுப்பகுதியில் முதல் மணிக்கு 2 ரிங்கிட், அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் 3 ரிங்கிட் என உயர்த்தியபோது எதிர்ப்பு எழுந்தது. முதல் மணியைக் காட்டிலும் அடுத்த மணி விலை மிகுந்தது ஏன் என்று பலர் கேட்டனர். வந்தவர் விரைந்து இடம் விட வேண்டும் என்னும் பழைய ஒக்லஹோமாக் கருத்தே அதன் உள்ளே இருந்தது. அக்கருத்தைப் பொறுமையோடு மக்களுக்கு விளக்கியிருந்தால் எதிர்ப்புச் சற்றுத் தணிந்திருக்கலாம்.

இதனை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். ஒரு கடையின் முன் ஒரே ஓர் இடம் உள்ளது. கடை பத்து மணி நேரம் திறந்திருக்கிறது எனக் கொள்வோம். கடைக்காரரே தம் காடியைக் காலை முதல் மாலை வரை அங்கே நிறுத்தினால் அந்த இடம் பயன்படுவது ஒருவருக்கு. வாங்க வருவோர் அரை மணிக்கு ஒருவராக நிறுத்தினால் பயன்படுவது இருபது பேருக்கு. 'கட்டணம் வாடிக்கையாளரை விரட்டுகிறது' என்று முறையிடும் வணிகர், தம் கடையின் முன் நாள் முழுதும் நிற்கும் காடி யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்னும் பழமொழி இலவச நிறுத்துமிடத்திற்கு மிகப் பொருந்தும்.

பணம் போகும் வழி

டொனால்ட் ஷூப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் வாழ்நாளை இத்துறைக்கே அளித்தவர். இலவச நிறுத்தத்தின் பெருவிலையைப் பற்றி 2005இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் நகர அமைப்போரின் சிந்தனையை மாற்றிற்று. காடி வைத்திருப்போர் நேரடியாகக் கொடுக்காத விலையைக் காடி இல்லாதோரும் சேர்த்துக் கடைச் சரக்கின் விலையாகவும் வாடகையாகவும் செலுத்துகின்றனர் என்று அவர் காட்டினார். மேருவில் மிதிவண்டியில் வந்து கீரைக்கட்டு வாங்கும் மூதாட்டி, கடைக்கு முன்னால் காடி நிறுத்துவோரின் இடத்திற்கும் தன் பங்கைக் கொடுக்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் வாங்கப்படும் வரியே கொடிய வரி.

கலிபோர்னியாவின் பழைய பாசடீனாக் கடைத்தெருவைப் பற்றி ஷூப் எழுதியது ஈண்டு நினைவுகூரத் தக்கது. நலிந்து கிடந்த அத்தெருவில் கருவி நடக் கடைக்காரர் ஒப்பவில்லை. கட்டணமாகச் சேரும் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் தூய்மைக்கும் செலவாகும் என்று நகராட்சி உறுதியளித்த பின்னர், 1993இல் ஒப்பினர். தெரு செழித்தது. கட்டணத்தை மக்கள் வெறுப்பதில்லை. கணக்குத் தெரியாக் கட்டணத்தையே வெறுக்கின்றனர் என்பதே அதன் பாடம்.

சிலாங்கூரில் 2025ஆம் ஆண்டில் ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, செலாயாங் ஆகிய ஊராட்சிகளுக்கெனத் தனியார் நிறுவனத்தின் பங்கேற்போடு புதிய நிறுத்துமிட நிர்வாக முறை கொண்டுவரப்பட்டது. அப்போது மக்களிடையே எழுந்த பெரும் கேள்வி, வருவாயில் ஊராட்சிக்கு எவ்வளவு, நிறுவனத்திற்கு எவ்வளவு என்பதே. அக்கேள்வி எழுந்தது நன்று. செத்தியா ஆலம் ஷா ஆலம் மாநகர் மன்றத்தின் எல்லையில் உள்ளது. மேருவோ கிள்ளான் மன்றத்தைச் சேர்ந்தது. சில நிமிடப் பயணத்தில் ஒருவர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் சென்றுவிடுகிறார். தெருவைப் பார்த்து இது யாருடைய தெரு எனக் கண்டறிய இயலாது. கட்டணத்தைக் குறைசொல்ல விரும்புபவரும், யாரிடம் சென்று முறையிடுவது என்று அறியாமல் திகைக்கிறார்.

வாக்கும் வரியும்

இங்கேதான் ஒரு தமிழரின் பெயர் நினைவுக்கு வருகிறது. 1965இல் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்தவர் டத்தோ ஆதி நாகப்பன். ஆணையம் 1968 இறுதியில் தன் அறிக்கையை அளித்தது. குறைகள் பலவற்றை எடுத்துக்காட்டியபோதிலும், மக்கள் வாக்கினால் அமையும் ஊராட்சியே வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டிற்று.

சாலையின் மஞ்சள் கோட்டிலிருந்து அரசமைப்புக்குத் தாவுவதாக யாரும் எண்ண வேண்டுவதில்லை. நிறுத்துமிடக் கட்டணம் குடிமகன் ஏறத்தாழ நாள்தோறும் ஊராட்சிக்குச் செலுத்தும் வரி. நிலவரி ஆண்டுக்கு ஒரு முறை. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு முறை. இதுவோ கடைக்குச் செல்லும்போதெல்லாம். இவ்வளவு அடிக்கடி வாங்கப்படும் வரியை விதிக்கும் மன்ற உறுப்பினரை மாற்றும் உரிமை வரி செலுத்துவோருக்கு இல்லை. சம்மன் வரும்போது மட்டுமே அவர் மன்றத்தை நினைக்கிறார். தண்டத்தொகைக்குத் தள்ளுபடி வரும்போது மட்டுமே மன்றம் அவரை நினைக்கிறது. இவ்வுறவு நலமான உறவன்று.

எல்லார்க்கும் இடம்

வண்டி நிறுத்தத்தில் நீதி என்பது இலவசமன்று, முறை. முதலாவதாக, கட்டணம் இடத்தைச் சுழல வைக்கும் அளவாக அமைய வேண்டும். மக்களைக் கறக்கும் அளவாக அமைதல் ஆகாது. பசாரின் முன்னால் அரை மணி நிற்போரும், தொழிற்சாலையின் முன்னால் நாள் முழுதும் நிற்க வேண்டியோரும் ஒருவரல்லர். இரண்டாவதாக, தெருவில் சேரும் பணத்தில் ஒரு பகுதியேனும் அத்தெருவிலேயே கண்ணுக்குத் தெரியச் செலவிடப்பட வேண்டும். அஞ்சடியில் உடைந்த ஓடு மாற்றப்படுவதும், சாக்கடைக்கு மூடி இடப்படுவதும் ஆயிரம் அறிவிப்புகளுக்கு மேலான விளக்கம். மூன்றாவதாக, செயலி அறியா முதியோரை மறத்தல் ஆகாது. கைத்தொலைபேசியில் பணம் கட்டத் தெரியவில்லை என்பது குற்றமாகிச் சம்மன் ஆகிவிட்டால், கருவி மக்களுக்கா, மக்கள் கருவிக்கா என்னும் கேள்வி எழும்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது. காடி இல்லாமலும் நகருக்கு வந்துபோக வழி வேண்டும். 1995இல் கொம்யூட்டர் இரயில் கிள்ளானுக்கு வந்தது. கிள்ளான் வழியாகப் பண்டார் உத்தாமாவையும் ஜொஹான் செத்தியாவையும் இணைக்கும் 37 கிலோமீட்டர் இலகு இரயில் தடத்தின் பணி 2010களின் பிற்பகுதியில் தொடங்கிற்று. இரயில் நிலையம் வரை செல்லப் பேருந்தும், நிழல் உள்ள நடைபாதையும் இல்லையெனில் நிலைய வாயிலிலும் அதே நெரிசல் தோன்றும். நிறுத்துமிடம் எவ்வளவு கட்டினாலும் அவ்வளவுக்கும் காடி வரும். இடத்தைப் பெருக்குவது தாகத்திற்கு உப்புநீர் பருகுவதை ஒக்கும்.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளி சாலை முழுவதையும் தனக்கென்று கேட்கவில்லை. எதிரே துரை வந்தாலும் தன் மிதிவண்டியில் அமர்ந்தவாறே கடந்து செல்லும் உரிமையையே கேட்டான். சாலை எல்லார்க்கும் உரியது. ஆகவே ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் அறம் அதனுள் இருந்தது. அவன் பேரப்பிள்ளைகள் இன்று காடியில் செல்கின்றனர். அவர்கள் இரட்டை வரிசையில் காடியை நிறுத்திப் பிறர் வழியை மறிக்கும்போது, அன்று துரை செய்ததையே இன்று தாம் செய்கின்றனர் என்பதை உணர வேண்டும். அவர்களிடம் கட்டணம் வாங்கிக் கணக்குக் காட்டாத மன்றமும் அவ்வாறே உணர வேண்டும்.

தெருவில் காடிக்கு எத்தனை இடம் உண்டு என்று எண்ணுவது எளிது. மனிதருக்கு எத்தனை இடம் உண்டு என்று எண்ணுவதே நகர ஆட்சி. மேருவின் சிறு கடைத்தெருவும் கிள்ளானின் பெருந்தெருவும் அக்கணக்கில் தேறுமாயின், ஐவர் உயிர் கொடுத்து நடந்த அப்பழைய போராட்டத்தில் மிதிவண்டிக்காக எழுதப்பட்ட அந்த ஒரு வரியும் நிறைவேறியதாகும்.